ப்ளூ ரிட்ஜ் பார்க்வே போறீங்களா? மைல் கணக்க விடுங்க, உயரக் கணக்கு போடுங்க

அக்டோபர் நடுவுல மூணு நாள் லீவு, ஷார்லட்ல இருந்து கெளம்பறோம், ஊர்ல இருந்து வந்திருக்கற அப்பா அம்மாவும் ஆறு வயசுப் பொண்ணும் கூட வர்றாங்க, அமெரிக்காவுல வர்ஜீனியாவுல இருந்து நார்த் கரோலினா வரைக்கும் மலை மேலயே போற ப்ளூ ரிட்ஜ் பார்க்வே ரோட்டை 469 மைலையும் ஓட்டி முடிச்சிரலாமா, எங்கெங்க நிறுத்தணும், மலை ரோட்டுல ஓட்டிப் பழக்கமில்லாததால கொஞ்சம் பயமாவும் இருக்குன்னு கேட்டிருக்கீங்க. முழுசா ஓட்டாதீங்க சகோ. அதுல ஒரு 130 மைல் மட்டும் எடுத்துக்கிட்டு ஆற அமரப் பாருங்க, அதுவே மூணு நாளைக்குத் தாராளம்.

ஏன் சொல்றேன்னா அந்த ரோட்டுல ஸ்பீட் லிமிட்டே 45 தான், சில இடத்துல 35. வளைவும் முன்னாடி ஆடி அசைஞ்சு போற வண்டியும் சேர்ந்தா மணிக்கு 30 மைல் போனாலே பெரிசு, அப்படிப் பாத்தா 469 மைலுக்கு வெறும் ஓட்டம் மட்டுமே பதினஞ்சு பதினாறு மணி நேரம் ஆகுது, நிறுத்திப் பாக்கறது சாப்பிடறதெல்லாம் தனி. ஹைவே மாதிரி ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குப் போய்ச் சேர்றதுக்குப் போட்ட ரோடே இல்ல இது. 1935 செப்டம்பர்ல, நாடே வேலையில்லாமத் தவிச்ச காலத்துல, வேலை குடுக்கறதுக்காகவும் ஷெனண்டோவா, ஸ்மோக்கி மவுண்டன்ஸ்னு ரெண்டு நேஷனல் பார்க்கையும் இணைக்கறதுக்காகவும் ஆரம்பிச்சாங்க, ஸ்டான்லி ஆபட்னு ஒரு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் தான் இதோட அமைப்பை வகுத்தவரு, முடிஞ்சது 1987ல. லாரி கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது, சிக்னல் கிடையாது, ரோட்டு மேல ஒரு பெட்ரோல் பங்க் கூட கிடையாது. மெதுவாப் போறதுக்குன்னே போட்ட ரோட்டுல அடிச்சுப் பிடிச்சு ஓடினா அப்பா அம்மாவுக்கு வளைவும் தலைசுத்தலும் தான் ஞாபகத்துல நிக்கும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். மலை ரோட்டுக்கு ப்ளான் போடும்போது எல்லாரும் மேப்பைப் படுக்க வச்சுப் பாக்கறாங்க, இங்க இருந்து அங்க எத்தனை மைல்னு. நீங்க மேப்பை நிமித்தி வச்சுப் பாருங்க, எவ்வளவு உயரம் ஏறுது, எவ்வளவு இறங்குதுன்னு. இந்தப் பார்க்வே வர்ஜீனியாவுல ஜேம்ஸ் ஆத்துக்கிட்ட வெறும் 649 அடில இருக்கு, நார்த் கரோலினாவுல ரிச்லேண்ட் பால்சம்ங்கற எடத்துல 6,053 அடிக்கு ஏறுது. குளிரு, இலையோட கலரு, மூடுபனி, ப்ரேக்கு, காது அடைப்பு, குழந்தைக்கு வாந்தி, எல்லாத்தையும் தீர்மானிக்கறது இந்த உயரம் தான்.

கலரையே எடுத்துக்கங்களேன், அதுக்காகத் தானே அக்டோபர்ல போறீங்க. “பீக் கலர் எந்தத் தேதி”ன்னு தான் எல்லாரும் கேக்கறாங்க, ஒரே தேதின்னு ஒண்ணு இல்லவே இல்ல. 5,000 அடிக்கு மேல செப்டம்பர் கடைசியில ஆரம்பிச்சு அக்டோபர் முதல் பாதியிலயே கலர் முடிஞ்சிரும், அப்புறம் வாரா வாரம் அது மலையில இருந்து கீழ இறங்கிக்கிட்டே வரும், மலைக்கு நடுவுல இருக்கற ஆஷ்வில்ங்கற ஊர் மட்டத்துக்கு வர்றப்போ மாசக் கடைசி ஆயிரும், சில வருஷம் நவம்பர் முதல் வாரம் கூட. அதனால நீங்க போற அன்னைக்கு உச்சியில மரமெல்லாம் மொட்டையா நின்னா மனசு விட்றாதீங்க, ஆயிரம் ரெண்டாயிரம் அடி கீழ இறங்குங்க, அங்க காடே பத்திக்கிட்டு எரியற மாதிரி நிக்கும். பசுமை குடுக்கற குளோரோஃபில் சிதைஞ்சதும் இலையில ஏற்கனவே இருந்த மஞ்சள் வெளிய தெரியுது, சிவப்பு அப்போ தான் புதுசா உருவாகுது, நல்ல வெயில் பகலும் குளிர்ந்த ராத்திரியும் கிடைச்சா சிவப்பு இன்னும் தூக்கலா இருக்கும்.

குளிருக்கும் அதே கணக்கு. ஆயிரம் அடி ஏறினா சராசரியா மூணரை டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். ஆஷ்வில் ஏறக்குறைய 2,100 அடி, மவுண்ட் மிட்செல் சிகரம் 6,684 அடி, அப்போ கீழ 60 டிகிரின்னு லைட்டா ஒரு சட்டையோட கெளம்பினீங்கன்னா மேல 45க்குக் கீழ இருக்கும், காத்து வேற சேர்ந்துக்கும். அம்மாவுக்கு சால்வை, காதுக்கு மஃப்ளர், குழந்தைக்குக் குல்லா, இதெல்லாம் டிக்கியில அடியில போட்றாதீங்க, கைக்கு எட்டற எடத்துல வச்சுக்கங்க.

கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு வேலை கண்டிப்பா செய்யணும். 2024 செப்டம்பர் கடைசியில வந்த ஹெலீன் புயல்ல இந்த ரோடு ரொம்பவே அடிபட்டுச்சு, மலைச்சரிவுல ரோடே பேந்து போன இடங்கள் உண்டு, லின்வில் ஃபால்ஸுக்கும் மவுண்ட் மிட்செலுக்கும் நடுவுல தான் சேதம் ரொம்ப அதிகம், அங்க மூடினது மாசக்கணக்கா மூடியே கெடந்துச்சு. புயல் இல்லாட்டியும் பனி, ஐஸ், விழுந்த மரம், ரிப்பேர் வேலைன்னு அப்பப்போ கேட் போட்டு மூடுவாங்க. நேஷனல் பார்க் சர்வீஸ் வெப்சைட்ல பார்க்வேக்குன்னே ரோடு நிலவரப் பக்கம் ஒண்ணு இருக்கு, எந்த மைல்போஸ்ட்ல இருந்து எந்த மைல்போஸ்ட் வரைக்கும் திறந்திருக்குன்னு அதுல போட்டிருப்பாங்க. முந்தின நாள் ராத்திரி ஒரு தடவை, காலைல கெளம்பறப்போ ஒரு தடவை பாருங்க. நான் கீழ சொல்றதெல்லாம் அந்தந்தப் பகுதி அன்னைக்கு திறந்திருந்தா தான். இந்த ரோட்டுல எல்லாமே மைல்போஸ்ட் கணக்கு தான், வடக்க ராக்ஃபிஷ் கேப்ல 0, தெக்க செரோக்கி கிட்ட 469, ஓரத்துல சின்னக் கல்லு மாதிரி நட்டிருப்பாங்க. ஃபோன் மேப்பை மட்டும் நம்பிப் போனா அது வேகமான வழி தேடி உங்கள பார்க்வேயில இருந்து கீழ ஹைவேக்கு இறக்கி விட்டுக்கிட்டே இருக்கும், நிறைய இடத்துல டவரும் கிடைக்காது. பேப்பர் மேப் ஒண்ணு, ஃபோன்ல ஆஃப்லைன் மேப் ஒண்ணு, ரெண்டும் வச்சுக்கங்க.

முதல் நாள் ஷார்லட்ல இருந்து ஆஷ்வில் ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். ரெண்டு ராத்திரியும் அங்கயே தங்கிருங்க, அக்டோபர்ல ரூம் கிடைக்கறது கஷ்டம், தேதி முடிவானதும் புக் பண்ணிருங்க. மதியச் சாப்பாடு முடிஞ்சதும் மைல்போஸ்ட் 382 கிட்ட பார்க்வேயில ஏறி வடக்க போங்க. 364ல க்ரேக்கி கார்டன்ஸ், ஜூன்ல ரோடோடெண்ட்ரான் பூத்துக் குலுங்கற எடம், அக்டோபர்லயும் அந்த மொட்டை முகட்டுல நின்னா ரெண்டு பக்கமும் பள்ளத்தாக்கு தெரியும். 355ல பிரியற கிளை ரோட்டுல ஒரு அஞ்சு மைல் ஏறினா மவுண்ட் மிட்செல், மிசிசிப்பி ஆத்துக்குக் கிழக்க இதை விட உயரமான சிகரம் கிடையாது. பார்க்கிங்ல இருந்து உச்சிக்கு கால் மைல் தான், தார் போட்ட பாதை தான், ஆனா நல்ல ஏத்தம். அந்த உயரத்துல காத்தழுத்தம் கடல் மட்டத்தை விட அஞ்சுல ஒரு பங்கு கம்மி, ஊர்ல தினம் வாக்கிங் போற அப்பாவுக்கே மூச்சு வாங்கும், இருவது அடிக்கு ஒரு தடவை நின்னு நின்னு ஏறட்டும், அவசரமே இல்ல. இந்த மலையை அளந்த பேராசிரியர் எலைஷா மிட்செல் 1857ல இங்கயே வழுக்கி விழுந்து இறந்தாரு, உச்சியில தான் அவர் சமாதி இருக்கு.

ரெண்டாவது நாள் தான் இந்த ட்ரிப்போட உயிர். எல்லாரும் ஆஷ்வில்ல இருந்து பார்க்வே வழியா செரோக்கிக்குப் போவாங்க. நீங்க தலைகீழாப் பண்ணுங்க. காலைல இருட்டோட எந்திரிச்சு ஐ-40, அப்புறம் யூஎஸ்-74 பிடிச்சு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஓட்டினா செரோக்கி வந்திரும், அங்க இருந்து பார்க்வேயில ஏறி ஆஷ்வில் பக்கம் திரும்பி வாங்க. இதுக்கு ரெண்டு காரணம். மதியத்துக்கு மேல மேற்கப் பாத்து ஓட்டினா சூரியன் கண்ணுல குத்தும், வளைவுல எதிர்ல வர்ற வண்டி தெரியாது, திரும்பி வந்தா வெயில் பெரும்பாலும் முதுகுப் பக்கம், முன்னாடி இருக்கற மலை மேல வெளிச்சம் விழுந்து கலரும் எடுப்பாத் தெரியும். இன்னொண்ணு, செரோக்கி கிட்ட ஒக்கோனலஃப்டீங்கற எடத்துல விசிட்டர் சென்டர் பக்கத்துல பெரிய புல்வெளி இருக்கு, அங்க காலைலயும் சாயந்திரமும் எல்க் மான் கூட்டமா மேய வரும். இந்தப் பகுதியில ஒரு காலத்துல வேட்டையாடியே அழிச்சிட்டாங்க, 2001ல வெளியில இருந்து கொண்டு வந்து விட்டது தான் இப்போ பெருகியிருக்கு. அக்டோபர் அதுங்களுக்கு ஜோடி சேர்ற காலம், ஆண் எல்க் கழுத்தை நீட்டி ஒரு சத்தம் குடுக்கும் பாருங்க, அவ்வளவு பெரிய உடம்புல இருந்து புல்லாங்குழல் உடைஞ்ச மாதிரி மெல்லிசா ஆரம்பிச்சு கடைசியில உறுமலா முடியும், பனி படர்ந்த புல்வெளியில அந்தச் சத்தத்தை உங்க பொண்ணு கேட்டுட்டா வாழ்க்கை முழுக்க மறக்க மாட்டா. 50 கஜத்துக்குள்ள கிட்டப் போகக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, வண்டிக்குப் பக்கத்துலயே நில்லுங்க. அது ஸ்மோக்கி மவுண்டன்ஸ் பார்க் எல்லை, கால் மணி நேரத்துக்கு மேல வண்டி நிறுத்தினா பார்க்கிங் டேக் வேணும், ஒரு நாளைக்கு 5 டாலர். பார்க்வேக்கு கட்டணமே கிடையாது.

அங்க இருந்து ஏறினா 451ல வாட்டர்ராக் நாப். வழியில டனல் வரும், உள்ள லைட் கிடையாது, ஹெட்லைட் போடணும், கூலிங் க்ளாஸ் போட்டிருந்தா கழட்டிருங்க, வெயில்ல இருந்து சட்டுனு நுழையறப்போ ரெண்டு மூணு செகண்ட் ஒண்ணுமே தெரியாது. வாட்டர்ராக் நாப்ல பார்க்கிங்கே அஞ்சாயிரத்து எழுநூறு அடிக்கு மேல, கார்ல இருந்து இறங்கி நின்னாலே போதும், நடக்கவே வேணாம். ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா நீலமா மலை வரிசை போய்க்கிட்டே இருக்கும், முன்னாடி இருக்கறது கரும்பச்சை, அடுத்தது நீலம், அதுக்கடுத்தது சாம்பல், கடைசி வரிசை எது வானம் எது மலைன்னு பிரிக்கவே முடியாது. மரங்கள் வெளிய விடற ஐசோப்ரீன்ங்கற வாயு தான் இந்த நீலப் புகைக்குக் காரணம், மலைக்குப் பேர் வந்ததும் அதனால தான். அங்க ஒரு அரை மணி நேரம் சும்மா உக்காருங்க, ஃபோட்டோ எடுத்து முடிச்ச அப்புறமும்.

அதுக்கு அடுத்து வர்றது தான் நீங்க பயப்படற விஷயம். வாட்டர்ராக் நாப்ல இருந்து 443ல இருக்கற பால்சம் கேப் வரைக்கும் எட்டே மைல்ல ரெண்டாயிரத்து முன்னூறு அடிக்கு மேல இறங்குது, அப்புறம் 431ல ரிச்லேண்ட் பால்சம் 6,053 அடிக்கு மறுபடி ஏத்தம், சாயந்திரம் 408ல இருக்கற பிஸ்கால இருந்து ஆஷ்வில்லுக்கு 15 மைல்ல மூவாயிரம் அடி இறக்கம். நான் முதல் தடவை போனப்போ இந்தக் கடைசி இறக்கத்துல தான் மாட்டினேன், கியரை ட்ரைவ்லயே போட்டுட்டு ப்ரேக்ல காலை லேசா வச்சுக்கிட்டே இறங்கினேன், பத்து நிமிஷத்துல கருகின நாத்தம் வந்துச்சு, கிளட்ச் இல்லாத வண்டியில ஏது இந்த வாசம்னு யோசிச்சுக்கிட்டே அடுத்த வளைவுல மிதிச்சா பெடல் வழக்கத்தை விட ஆழமா இறங்குது, நெஞ்சு திக்குன்னு ஆயிருச்சு, நல்லவேளையா பக்கத்துலயே ஓவர்லுக் ஒண்ணு (ரோட்டோரமா வண்டியை நிறுத்தி வேடிக்கை பாக்கற எடம்) வந்துச்சு, ஒதுக்கி நிறுத்தினேன். சக்கரத்துக்கிட்ட கையைக் கொண்டு போக முடியல அவ்வளவு அனல். தண்ணி ஊத்தலாமான்னு கூட வந்தவங்க கேட்டாங்க, ஊத்தவே கூடாது, கொதிக்கற டிஸ்க் மேல தண்ணி பட்டா விரிசல் விடும். அரை மணி நேரத்துக்கு மேல காத்திருந்து தான் கெளம்பினோம்.

அன்னைல இருந்து நான் செய்யறது இது தான். இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, வேகம் பிடிச்ச அப்புறம் இல்ல, கியரைக் குறைச்சிருவேன். ஆட்டோமேட்டிக்ல எல் இல்லன்னா 2ன்னு இருக்கும், சில ஹைப்ரிட்ல பி, சிலதுல ஸ்டீரிங் பின்னாடி மைனஸ் போட்ட பட்டை, உங்க வண்டியில எதுன்னு வீட்டுல இருக்கும்போதே மேனுவல் பாத்துத் தெரிஞ்சுக்கங்க. இன்ஜின் கொஞ்சம் உறுமும், உறுமட்டும், வண்டியை அது தான் பிடிச்சு வைக்குது. ப்ரேக்கை வளைவுக்கு முன்னாடி நேர் ரோட்டுல நல்லா ஒரு மிதி மிதிச்சு வேகத்தைக் குறைச்சிட்டு காலை முழுசா எடுத்துருங்க, ஆற விடுங்க, மறுபடி வேகம் ஏறினா மறுபடி ஒரு மிதி, விடாம தேய்ச்சுக்கிட்டே போறது தான் ஆபத்து. எலெக்ட்ரிக் கார்னா இன்னொரு விஷயம், மலை மேல தங்கிட்டு இறங்கறதா இருந்தா பேட்டரியை 100 பர்சன்ட் ரொப்பாதீங்க, நிறைஞ்ச பேட்டரிக்குள்ள மேற்கொண்டு சார்ஜ் போகாது, அதனால ரீஜென், அதாவது மோட்டாரே வேகத்தைக் குறைச்சு பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தறது, வேலை செய்யாது, முழுப் பாரமும் ப்ரேக் மேல தான் விழும். பின்னாடி வர்றவன் ஒட்டிக்கிட்டே வந்தா பதட்டமே வேணாம், அடுத்த ஓவர்லுக்ல ஒதுங்கி வழி விட்டுட்டு அப்புறம் கெளம்புங்க.

மூடுபனியைப் பத்தியும் சொல்லிடறேன், கீழ இருந்து பாத்தா மேகமாத் தெரியறது தான் மேல போனா உங்களச் சுத்தி மூடுபனி. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி ஆயிரும். ஹை பீம் போடவே போடாதீங்க, பனித்துளியில பட்டு வெளிச்சம் உங்க கண்ணுக்கே திரும்பி வரும், லோ பீம் தான். ரொம்ப மோசமானா ஓவர்லுக்ல நிறுத்திக் காத்திருங்க, நடு ரோட்டுலயோ வளைவுலயோ நிறுத்தக் கூடாது. பல தடவை ஆயிரம் அடி இறங்கினாலே தெளிஞ்சிரும், திரும்பவும் அதே உயரக் கணக்கு தான். அக்டோபர் நடுவுல சூரியன் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி மறையுது, ரோட்டுல தெருவிளக்கு கிடையாது, இருட்டுனா மான் குறுக்க வரும், அதனால ஆறு மணிக்குள்ள பார்க்வேயை விட்டு இறங்கற மாதிரி வச்சுக்கங்க.

நடுவுல நிறுத்த வேண்டியதுல 418.8ல க்ரேவ்யார்ட் ஃபீல்ட்ஸ் நல்லா இருக்கும், கொஞ்ச தூரம் படியிறங்கினா அருவி, ஆனா பார்க்கிங் சீக்கிரம் நிறைஞ்சிரும், வீக்கெண்ட்னா இடமே கிடைக்காது, முடிஞ்சா ரெண்டாவது நாள் வார நாளா வர்ற மாதிரி லீவைப் போடுங்க. 417ல லுக்கிங் க்ளாஸ் ராக், பெரிய வெள்ளைப் பாறை, மேல கசியற தண்ணி வெயில்ல கண்ணாடி மாதிரி மின்னும், இதை இறங்காமலே பாக்கலாம். டெவில்ஸ் கோர்ட்ஹவுஸ்ங்கற பாறை உச்சிக்குப் போற ஏத்தம் பெரியவங்களுக்கு வேணாம்.

பெரியவங்க கூட வர்றதால டாய்லெட் கணக்கு முக்கியம், குறிப்பா அப்பாவுக்கு சுகர் இருந்தா. வாட்டர்ராக் நாப், க்ரேவ்யார்ட் ஃபீல்ட்ஸ், 408ல பிஸ்கா, இந்த மூணுலயும் தேவை இருக்கோ இல்லையோ எல்லாரும் போயிட்டு வந்திருங்க. பெட்ரோல் காலைல ஃபுல் டேங்க், அவசரம்னா 443ல இறங்கி வேன்ஸ்வில் பக்கம் போகலாம். சாப்பாட்டுக்கு புளிசாதம், இட்லி மாதிரி கையில கொண்டு போறது தான் நிம்மதி, பிஸ்கால சீசன்ல ரெஸ்டாரண்ட் உண்டு, கூட்டம் நிக்கும். ஃப்ளாஸ்க்ல வெந்நீர் கண்டிப்பா. சாப்பிட்ட மிச்சத்தைப் போட்டுட்டு வராதீங்க, கரடி நடமாடற காடு. பொண்ணுக்கு வாந்தி வராம இருக்க காலைல வயிறு முட்டக் குடுக்காம, வெறும் வயிறாவும் விடாம லேசாக் குடுங்க, ஃபோன் டேப்லெட் எதையும் கையில குடுக்காதீங்க, கண்ணு தூரத்து மலையைப் பாத்தா குமட்டல் குறையும். காது அடைச்சா மிட்டாய் சப்பட்டும். அம்மாவுக்குத் தலைசுத்தல் உண்டுன்னா முன் சீட்டு அவங்களுக்குத் தான்.

மூணாவது நாள் வீட்டுக்குத் திரும்பற வழியில இன்னொரு துண்டு. ஐ-40ல மேரியன் வரைக்கும் வந்து யூஎஸ்-221ல ஏறினா 316ல லின்வில் ஃபால்ஸ், அங்க பார்க்வேயில சேர்ந்து 292 ப்ளோயிங் ராக் வரைக்கும் சுமார் 25 மைல் தான், அப்புறம் யூஎஸ்-321 பிடிச்சா ஷார்லட் பக்கம் இறக்கி விட்ரும். இதுல 304ல இருக்கற லின் கோவ் வயடக்டை விட்றாதீங்க. பார்க்வேயில கடைசியா முடிஞ்ச துண்டு இது தான், க்ராண்ட்ஃபாதர் மலையை வெட்டிக் குடையக் கூடாதுன்னு வருஷக்கணக்கா இழுபறி, கடைசியில மலையைத் தொடாம பக்கவாட்டுல தொங்கற மாதிரி பாலமாக் கட்டினாங்க. நீளம் 1,243 அடி, 153 கான்க்ரீட் துண்டு, ஒவ்வொண்ணும் சுமார் 50 டன், அதுல ஒண்ணே ஒண்ணு தான் நேரானது, மத்ததெல்லாம் வளைவுக்கு ஏத்த மாதிரி வேற வேற வடிவம். கீழ பாறையையும் மரத்தையும் சிதைக்கக் கூடாதுன்னு, கட்டி முடிச்ச பகுதி மேலயே நின்னு அடுத்த துண்டை முன்னாடி நீட்டி நீட்டி வச்சிருக்காங்க, பாறை நிறத்துக்குப் பொருந்தணும்னு கான்க்ரீட்ல இரும்பு ஆக்ஸைடு கலந்திருக்காங்க. வண்டியில போறப்போ ஒரு நிமிஷத்துல கடந்திரும், அதனால தெக்குப் பக்கம் இருக்கற பார்க்கிங்ல நிறுத்திட்டு பாலத்துக்கு அடியில போற பாதையில நடங்க, ஆரம்பத்துல தார் போட்ட பாதை தான், அப்பா அம்மாவும் மெதுவா வந்திரலாம், அடியில நின்னு அண்ணாந்து பாத்தா அத்தனை பெரிய பாலம் சுத்தியிருக்கற பழைய பாறை ஒண்ணைக் கூட இடிக்காம வளைஞ்சு போறது தெரியும்.